முதல் வாரமே விளம்பரப் பணம் காலி! ஆனால் ஒரு பைசா நஷ்டமில்லை

வணக்கம் நண்பர்களே!

(திரையில்: மலை உச்சி, காலை வெயில், பாறைமேல் ஒரு முதுகுப்பை)

இந்த மாதிரி ஒரு படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டேன். காசு கொடுத்து பூஸ்ட்டும் செய்தேன், அதாவது இன்னும் நிறைய பேருக்குக் காட்டச் சொன்னேன். லைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரக் கடைசியில் ரிப்போர்ட்டைத் திறந்தால், விற்ற பைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விளம்பரப் பணம் மொத்தமும் காலி.

ஆனால் என் கையிலிருந்து ஒரு பைசாகூடப் போகவில்லை. ஏன் தெரியுமா? அந்தப் பை, அதை விற்கும் கம்பெனி, லைக் போட்ட ஆட்கள், எதுவுமே நிஜம் இல்லை!

சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த சிமுலேஷன் அது, அதாவது நிஜம் மாதிரியே செய்து பழகும் கணினிப் பயிற்சி. பெயர் மிமிக் சோஷியல். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருக்கும் ஸ்டூகென்ட் நிறுவனம் செய்தது. அதில் பூஹி என்று ஒரு கற்பனைப் பை கம்பெனி. அதன் சோஷியல் மீடியா பொறுப்பு மாணவர் கையில். எந்தத் தளத்தில், எந்த நேரத்தில், யாருக்காக, என்ன போடுவது, எவ்வளவு செலவழிப்பது எல்லாம் நம் முடிவு. ஒரு சுற்று முடிந்தால் ரிசல்ட் வரும். அவ்வளவுதான்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே!

1920இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்க இளைஞர் விமானம் ஓட்டக் கற்கப் போனார். முதல் பாடத்துக்கு 50 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஆனால் பாடம் முழுக்க அவரை விமானத்தின் கட்டுப்பாட்டைத் தொடவே விடவில்லை!

லிங்கின் அப்பா நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் ஊரில் பியானோவும், காற்றால் ஒலிக்கும் ஆர்கன் என்ற இசைக்கருவியும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். மகனும் அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்தி இருக்கிறது இல்லையா, அதையே எடுத்து ஒரு குட்டி விமானக் கூண்டுக்கு அடியில் வைத்தார். உள்ளே உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் கம்பியை இழுத்தால் துருத்தி உப்பும், கூண்டு சாயும், திரும்பும். ஆள் மட்டும் தரையைவிட்டுப் போவதில்லை. 1929இல் வந்த இந்த லிங்க் டிரெய்னரை முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. அதாவது, ராட்டினம் மாதிரி!

1934இல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலையை ஒப்படைத்தார்கள். பனியிலும் இருட்டிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி போதாமல், சில வாரங்களில் பல விமானிகள் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் ராணுவம் 6 டிரெய்னர்கள் வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பயிற்சி பெற்றார்கள்.

மார்க்கெட்டிங் படிக்கும் பலருடைய நிலைமையும் லிங்கின் அந்த முதல் பாடம்தான். கட்டணம் கட்டியாச்சு, புத்தகம் முடிச்சாச்சு, ஆனால் ஒரு விளம்பரத்துக்குக்கூட நாமாகப் பணம் ஒதுக்கிப் பார்த்ததில்லை. பூஹிதான் எனக்குத் துருத்தி வைத்த கூண்டு.

அதில் நான் கற்ற பெரிய விஷயத்தை ஒரு சின்னக் கணக்கில் சொல்கிறேன்.

(திரையில்: இரண்டு பதிவுகள், பக்கம் பக்கமாக)

உதாரணத்துக்கு, இரண்டுக்கும் தலா 100 டாலர் செலவு. மலைப் படத்துக்கு 800 லைக், 40 கிளிக், விற்றது 1 பை. இன்னொரு படத்தில் மேசைமேல் பை திறந்து கிடக்கிறது. லேப்டாப் எங்கே வைப்பது, தண்ணீர் பாட்டில் எங்கே வைப்பது என்று தெரிகிறது. அதற்கு 30 லைக், 100 கிளிக், விற்றது 5 பை. ஒரு பை விற்க ஆன செலவு முதல் படத்தில் 100 டாலர், இரண்டாவதில் 20. லைக் போட்டவர் மலையைத்தான் ரசித்தார் நண்பர்களே, பையை இல்லை!

இதைப் பாடத்தில் படித்தபோது தலையாட்டிவிட்டுப் போனேன். பட்ஜெட் கரைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உறைத்தது. அடுத்த சுற்றில் படத்தை மாற்றினேன், கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் காட்டினேன், விற்பனை ஏறியது. நிஜக் கடையில் முதல் வாரமே பணம் போயிருந்தால் எனக்கு அந்த இரண்டாவது வாரம் கிடைத்திருக்காது.

ஆனால் ஒன்று. சிமுலேஷனில் யாரும் கோபப்படுவதில்லை. அப்புறம் நண்பன் வீட்டுப் பலகாரக் கடைக்கு நான் சோஷியல் மீடியா பக்கம் நடத்தியபோது, பதிவு போட்ட அன்றே ஒரு அக்கா கமெண்ட் போட்டிருந்தார்: "தீபாவளிக்கு ஆர்டர் பண்ண முறுக்கு பொங்கலுக்கா வரும்?" எனக்குக் கை நடுங்கியது. ரிப்போர்ட்டின் எந்தக் கட்டத்திலும் இதற்குப் பதில் இல்லை. கடைக்கு ஓடிப்போய் பார்சல் எங்கே கிடக்கிறது என்று கேட்டு, மன்னிப்போடு பதில் போட்டேன். மறுநாள் முறுக்கு போய்ச் சேர்ந்தது. அந்த அக்காவே டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினார்.

அந்தப் படத்தைத்தான் அவரிடம் கேட்டுப் பக்கத்தில் போட்டோம். அதற்கு லைக் 11. ஆர்டர் 6!

நீங்கள் முதல்முதலாக எதற்கு பூஸ்ட் போட்டீர்கள், எவ்வளவு செலவானது, என்ன விற்றது? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.