முன்பு உட்கார்ந்து

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம். வாழ்க்கையின் பெரிய முடிவுகளைக் கிறிஸ்தவ நம்பிக்கையின் வெளிச்சத்தில் எடுப்பது எவ்வாறு என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். நான் திருவுளச்சீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டு தாள்துண்டுகளில் இரண்டு வழிகளை எழுதிச் சுருட்டி, ஜெபம் செய்துவிட்டு, வீட்டுக் குழந்தை ஒன்றை அழைத்து எடுக்கச் சொல்வதற்குத் திருவுளச்சீட்டு என்று பெயர். சந்நிதியில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் மடித்து வைத்துப் பூக்கட்டிப் பார்க்கும் நம் அண்டைவீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முறைதான் வேறு, தவிப்பு ஒன்றுதான்.

கடலூர் முதுநகரில் நான் சிறுவனாக இருந்தபோது, எங்களுக்கு இருந்த ஒரே மனையை விற்று என் அண்ணனை வளைகுடா வேலைக்கு அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்ப ஜெபம் முடிந்ததும், அப்பா ‘போகட்டும்’ என்று ஒரு சீட்டும் ‘வேண்டாம்’ என்று ஒரு சீட்டும் எழுதி, வேதாகமத்தின்மேல் வைத்து, கடைக்குட்டியான என்னை எடுக்கச் சொன்னார். எனக்கு ‘வேண்டாம்’ வந்தது. அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் கண்ணைச் சரியாக மூடவில்லை என்று சொல்லி மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடியும் ‘வேண்டாம்’ வந்தது. மூன்று முறை எடுப்பதுதான் வழக்கம் என்று அவர் தொடங்கியபோது, அதுவரை அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா, “முதல் சீட்டுலயே பதில் வந்திடுச்சேங்க. உங்க மனசுல முடிவு ஏற்கெனவே இருக்கு. அதுல கையெழுத்துப் போடத்தான் ஆண்டவரைக் கூப்பிடுறீங்க” என்றார்.

அப்பா கோபிக்கவில்லை. அம்மா பழைய மாதக் காலண்டரின் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, பென்சிலை அவர் கையில் கொடுத்தார். பயணச் செலவு, ஏஜென்டுக்குக் கொடுக்க வேண்டிய தொகை, முதல் சம்பளம் வரும்வரை கடனுக்குக் கட்ட வேண்டிய வட்டி, மனை அவசர விலைக்குப் போனால் கிடைப்பது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தபோது, பாதியிலேயே அப்பாவின் முகம் மாறிவிட்டது. அதன்பின் அம்மா அண்ணனைப் பார்த்து, “நீ என்னடா நினைக்கிற?” என்று கேட்டார். அன்றுவரை அவரை யாரும் கேட்டிருக்கவில்லை. ஐடிஐயில் டர்னர் படிக்க ஆசை என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த வழி எந்தச் சீட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. திருவுளச்சீட்டைப் பற்றி எனக்குள்ள முதன்மையான குறை இதுதான் நேயர்களே: நாம் எழுதாத ஒன்றை அதனால் நமக்குச் சொல்ல முடிவதில்லை.

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு இரண்டு பேரைக் காட்டுகிறார். ஒருவர் கோபுரம் கட்ட நினைப்பவர். மற்றவர், இருபதாயிரம் பேருடன் வருகிறவனைப் பத்தாயிரம் பேரைக் கொண்டு எதிர்க்கலாமா என்று யோசிக்கும் அரசர். இருவரைப் பற்றியும் ‘முன்பு உட்கார்ந்து’ என்ற அதே சொற்கள் வருகின்றன. உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறார் ஒருவர். உட்கார்ந்து ஆலோசனை பண்ணுகிறார் மற்றவர். இதில் நான் வியப்பது என்னவென்றால், இயேசு அந்த இடத்தில் பேசுவது வீடு கட்டுவதைப் பற்றியோ போரைப் பற்றியோ அன்று. தம்மைப் பின்பற்றி வருவதைப் பற்றி. தம் பின்னால் வருவதற்கே கணக்குப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னவர், நம் மகளின் திருமணத்துக்கும் நாம் வாங்கும் வீட்டுக் கடனுக்கும் கணக்குப் பார்ப்பதை விசுவாசக் குறைவு என்று கருதுவாரா? உட்கார வேண்டும், திரும்பவும் சொல்கிறேன், உட்கார வேண்டும்.

‘சீட்டு மடியிலே போடப்படும்; காரியசித்தியோ கர்த்தரால் வரும்’ என்று நீதிமொழிகளில் இருக்கிறதே, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீடர்கள் சீட்டுப் போட்டுத்தானே தெரிந்தெடுத்தார்கள் என்று வேதம் அறிந்த நேயர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் முதல் சீடர்களின் வரலாற்றைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால், யோவானின் ஞானஸ்நான நாள் முதல் தங்களோடு இருந்தவராக வேண்டும் என்ற தகுதியை அவர்கள் முதலில் வகுத்ததும், அத்தகுதி உள்ள இருவரை நிறுத்தியதும், ஜெபித்ததும், எல்லாவற்றுக்கும் பிறகே சீட்டு வந்ததும் தெரியும். பரிசுத்த ஆவி சீடர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு அந்த நூலில் யாரும் சீட்டுப் போடவே இல்லை. 15ஆம் அதிகாரத்தில், யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் என்ற யூதச் சடங்கைச் செய்துகொள்ள வேண்டுமா என்ற பெரிய சிக்கல் வந்தபோது, எருசலேமில் கூடி மிகுந்த தர்க்கம் செய்து, பேதுருவும் பவுலும் பர்னபாவும் தாங்கள் கண்டதைச் சொல்லக் கேட்டு, யாக்கோபு வேதவாக்கியத்தோடு அதை ஒப்பிட்ட பிறகே, ‘பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது’ என்று கடிதம் எழுதினார்கள். அவ்வளவு வாக்குவாதத்துக்குப் பிறகும் ஆவியானவரை முதலில் வைத்து எழுத அவர்களால் முடிந்தது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வந்துவிட்டது, மீதியைச் சுருக்கிக்கொள்கிறேன். நம் புதுச்சேரி மிஷன் வீதியில் சம்பா கோவில் நிற்கும் இடத்தில் 17ஆம் நூற்றாண்டில் கோவில் கட்டிய இயேசு சபையினரின் நிறுவனர் இஞ்ஞாசியார், 1521இல் பாம்பலோனா போரில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிப் படுத்திருந்தவர். அந்தப் படுக்கையில், எந்த எண்ணம் மனத்தைப் பின்னர் வறட்சியாக்குகிறது, எது மகிழ்ச்சியை விட்டுச் செல்கிறது என்று கவனிக்கத் தொடங்கினார். மனம் இருண்டு கிடக்கும் நாளில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதீர்கள் என்பது அவர் பிற்காலத்தில் எழுதி வைத்த விதி. துக்க வீட்டிலிருந்து திரும்பிய வாரத்திலேயே சொத்தை விற்றவர்களை அறிந்த எனக்கு, இதைப் பற்றி மட்டுமே ஒரு முழு உரை ஆற்ற ஆசை உண்டு.

நண்பரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாமா என்பதையும் பேசுவதாக இருந்தேன், நேரமில்லை. நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை, கையெழுத்துப் போடும் முன்பாக, இன்றிரவே வாசித்துவிடுங்கள். வணக்கம்.