தண்ணீர் ஒளிக்கும் ஊரில் நாலு நாள் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம். சைக்கிள் பயணம் பற்றிக் கதைக்க வாருங்கள் என்று அழைத்தார்கள். நான் கதைக்கப் போவது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றி. முன்பே சொல்லிவிட்டேன், பிறகு குறை சொல்லக் கூடாது.

நானும் அக்காவின் மகனும் ஒரு செப்டெம்பரில் பிரான்சின் தென்மேற்கில், கேர்சி என்ற பகுதியில் நாலு நாள் சைக்கிள் ஓடினோம். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவனுக்கு இருபத்திரண்டு, பாரிசில் பிறந்தவன். ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் ரயிலேறி, பிரீவில் மாறி, ஃபிஜாக் என்ற சிறு நகரத்தில் இறங்கினோம். சைக்கிளுக்கும் முன்கூட்டியே இடம் பதிய வேண்டும். ஒரு ரயிலில் சில சைக்கிள்களுக்குத்தான் இடம் இருக்கும்.

எகிப்தியச் சித்திர எழுத்தை வாசித்துக் காட்டிய ஷம்போலியோன் 1790இல் பிறந்தது இந்த ஃபிஜாக்கில்தான். அவர் நினைவாக, அதற்கு உதவிய ரொசெட்டாக் கல்லைப் பெரிதாக்கி ஒரு முற்றத்துக்கே தளமாகப் பதித்திருக்கிறார்கள். மருமகன் அதன்மேல் நின்று கைப்பேசியில் ரயர் காற்றழுத்தம் பற்றித் தேடிக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து செலே ஆற்றோடு சேர்ந்தே ஒரு ஒடுங்கிய வீதி போகிறது. செலே லொத் ஆற்றில் கலக்கிற இடம் வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். ஒரு பக்கம் ஆறும் சோளத் தோட்டமும் வால்நட் மரங்களும். மறுபக்கம் மஞ்சளும் சாம்பலுமாகச் செங்குத்துப் பாறை. சில இடங்களில் பாறை வீதிக்கு மேலே குடையாகக் கவிந்து நிற்கிறது. சில ஊர்களில் வீட்டுக்குப் பின்சுவரே கட்டவில்லை, மலைதான் பின்சுவர். பாறையின் நடுவில், ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில், கல்லுக்கட்டுச் சுவர்கள் தெரியும். 'ஆங்கிலேயர் கோட்டை' என்பார்கள். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர்க் காலத்துப் பெயர். முதல் நாள் முழுவதும் ஆற்றின் சத்தம் காதில் இருந்தது. மார்சியாக்கில் இடிந்த மடாலயத்துக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்துப் படுத்தோம்.

இரண்டாம் நாள்தான் பாடம். பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறுவோம் என்றேன். ஏறக்குறைய 200 மீற்றர் உயரம், வளைந்து வளைந்து ஏறுகிற வீதி. நான் சைக்கிள் பழகிய யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனி ஆடியில் எதிர்த்தடிக்கிற சோளகக் காற்றுத்தான் எங்கள் மலை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் குடாநாடே சைக்கிளில் ஓடியது. கரியரில் விறகு, பாரில் தங்கச்சி, ஹாண்டிலில் மண்ணெண்ணெய்ப் போத்தல். அந்தக் காலில் ஏற்றம் தாங்கும் என்று நினைத்தேன். தாங்கவில்லை. பாதியில் இறங்கி உருட்டினேன். அவன் மேலே போய் நின்று, "மாமா, வாறியளா?" என்று கூப்பிட்டான்.

மேலே ஏறினால் வேறு நாடு. 'கோஸ்' என்று அழைக்கிற கல் மேட்டுநிலம். குட்டையான ஓக் மரங்கள், கல்லுக்கு மேல் கல் அடுக்கிய, சாந்தே இல்லாத வேலிகள், நடுவில் செம்மறிகள். இந்த ஊர்ச் செம்மறிக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். கறுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி நின்று எங்களையே பார்த்தன. வெயிலைத் தடுக்க இயற்கை கொடுத்தது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அது உண்மையோ தெரியாது, முகத்துக்குப் பொருந்தியிருக்கிறது.

பதினொரு மணிக்கெல்லாம் போத்தல் காலி. "மாமா, தண்ணி முடிஞ்சுது. அடுத்த ஓடை எவ்வளவு தூரம்?" என்றான். வரைபடத்தைப் பார்த்தேன். நீலக் கோடு ஒன்றுகூட இல்லை. சிரிப்பு வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணப் படம் கீறும்போதும் இப்படித்தான், மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கியாற்றை விட்டால் கீறுவதற்கு ஆறு இல்லை. "இது எங்கட ஊர் மாதிரி. தண்ணி இருக்கு, ஆனா காலுக்குக் கீழ" என்றேன். அவன் நம்பவில்லை.

காரணம் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. வெடிப்புகளுக்குள் இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. வெடிப்பு குழாயாகி, குழாய் குகையாகி, மேலே ஓட வேண்டிய ஆறு கீழே ஓடுகிறது. கரைந்த சுண்ணாம்பு தண்ணீரைச் சூடாக்கினால் திரும்பவும் வெளியே வரும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான். கேர்சியின் கல் ஜுராசிக் காலத்தது, 15 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. யாழ்ப்பாணத்துக் கல் மயோசீன் காலத்தது, வயதில் மிகவும் இளையது. ஆனால் புத்தி ஒன்றுதான்.

தண்ணீர் தங்காத நிலத்தில் ஆட்டுக்கு என்ன செய்வது? பாறையிலேயே குழி வெட்டி மழைநீரைப் பிடித்திருக்கிறார்கள். நம்ஃபேஸ் என்ற துறவி, முன்பு சார்லமேன் மன்னனின் படையில் இருந்தவர், மந்தைகளுக்காக வெட்டினார் என்று கதை. ஒரு குழியைப் பார்த்தோம். கல்யாணப் பந்தியில் விரிக்கிற பாய் அளவுதான், தவளை ஒன்று மிதந்தது. எங்களுக்கு ஆகாது. நிலாவரைக் கிணற்றை இராமர் அம்பு விட்டு உண்டாக்கினார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது ஞாபகம் வந்தது. கல் வறண்டால் கதை ஊறும் போல.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஒரு சேமக்காலை. பிரான்சில் கிராமத்துக் கல்லறைகளில் பூச்செடிகளுக்காகக் குழாய் வைத்திருப்பார்கள். சைக்கிள்காரருக்கு எல்லாம் தெரிந்த இரகசியம். குடிக்கக் கூடாத தண்ணீர் என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இல்லை. இருவரும் தலையையும் நனைத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் திரும்பவும் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். இறக்கத்தில் பிறேக்கை விடாமல் அமத்திப் பிடித்தால் சில்லின் விளிம்பு கொதிக்கும், விட்டு விட்டுப் பிடியுங்கள். காப்ரரே என்ற ஊருக்கு மேலே பெஷ் மேர்ல் குகை. 1922இல் பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ளே ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தது. தூண்டிவிட்டவர் ஊர்ப் பாதிரியார் லெமோசி. அந்த வயதில் என்னைத் தூண்டிவிட ஒரு பாதிரியார் இருந்திருந்தால் அம்மா கோயில் வாசலில் போய்ச் சண்டை பிடித்திருப்பார்.

உள்ளே குளிர். வெளிச்சம் விழுந்ததும் சுவரில் இரண்டு குதிரைகள், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, ஏறக்குறைய 29,000 ஆண்டுப் பழமை. வலப்பக்கத்துக் குதிரையின் தலையைப் பாருங்கள். வரைந்தவர் பாறையின் விளிம்பையே தலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் கையை வைத்துச் சாயத்தை ஊதி எடுத்த கை அச்சுகள். மருமகன் தன் கையைத் தூக்கி, தொடாமல், தூரத்தில் இருந்தே அளவு பார்த்தான். இன்னொரு மண்டபத்தில் மேலே நிற்கிற ஓக் மரமொன்றின் வேர் கூரையைத் துளைத்து வந்து, கயிறு போலத் தொங்கித் தரைக்குள் இறங்குகிறது. மேட்டில் நாங்கள் தேடிய தண்ணீரை அந்த மரமும் தேடியிருக்கிறது. அது கண்டுபிடித்துவிட்டது.

லொத் ஆற்றங்கரை பற்றி அதிகம் சொல்லவில்லை. செங்குத்துப் பாறையின் அடியைக் குடைந்து, படகுகளைக் கயிறு கட்டி இழுக்க 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய பாதை இருக்கிறது. அங்கே சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனோம். அடுத்து வருகிற சென் சீர் லபோப்பி அழகான ஊர்தான், ஆனால் பஸ்களில் வந்து இறங்கிய கூட்டத்தில் ஒரு கோப்பிக்கு நாற்பது நிமிடம் நின்றோம்.

நாலாம் நாள் காஓர் நகரம். மூன்று கோபுரங்களோடு நிற்கிற வலோந்ரே பாலம் 1308இல் தொடங்கியது. எல்லாரும் பாலத்தைப் படம் எடுக்கிறார்கள். நாங்கள் பாலத்தைக் கடந்து, மறுகரையில் பாறையின் அடியில் இருக்கிற ஊற்றுக்குப் போனோம். பச்சையும் நீலமுமாக, சத்தமே இல்லாமல் தண்ணீர் மேலெழுந்து ஆற்றில் சேருகிறது. மேட்டுநிலத்தில் காணாமற்போகிற தண்ணீர் வெளியே வருகிற வாசல்களில் இதுவும் ஒன்று. ரோமர் காலத்தவர் அதில் காசு போட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள், நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. நகரத்தின் குடிதண்ணீரும் இதுதான்.

"கீரிமலையும் இப்படித்தானே, மாமா?" என்று கேட்டான். அவனுடைய அம்மா சொல்லியிருக்கிறார் போல. ஓம், அங்கே ஊற்று கடலுக்குப் பக்கத்திலேயே வருகிறது, குளிக்கலாம் என்றேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்து எவ்வளவு தூரம் என்றான். ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் இருக்கும் என்றேன்.

"ஏற்றம்?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப நீங்கள் உருட்டத் தேவையில்லை" என்று சொல்லிப் போத்தலை நிரப்பக் குழாய் தேடிப் போனான்.