நாய் ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது?

வணக்கம் நேயர்களே.

வயதான நாய் திடீரென்று தண்ணீர்ப் பாத்திரமே கதி என்று கிடந்தால், முதலில் வெயில் என்போம், அடுத்து சர்க்கரை வியாதியோ என்போம். வாலைத் தூக்கிப் பார்க்கத் தோன்றாது. இன்றைக்கு அங்கேதான் பார்க்கப்போகிறோம்.

நாயின் ஆசனவாயை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 4 மணிக்கும் 8 மணிக்கும் நேராக, தோலுக்கு உள்ளே இரண்டு சிறு பைகள் உண்டு. அந்தப் பைச் சுவரின் சுரப்பிகளில் அரிதாகப் புற்று வரும். பெரும்பாலும் 9, 10 வயதையொட்டி வரும். காக்கர் ஸ்பேனியல், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் சற்றுக் கூடுதல். கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போதே, முதுகெலும்புக்குக் கீழே இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்விடக்கூடியது. வெளியில் சுண்டைக்காய், உள்ளே எலுமிச்சம்பழம் என்று இருப்பது உண்டு.

தண்ணீருக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே வேலைசெய்யும் ஒரு புரதத்தை இந்தக் கட்டி சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து இரத்தத்தில் ஏற்றிவிடும். கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. நாய் ஓயாமல் சிறுநீர் கழிக்கும், அதை ஈடுகட்டக் குடிக்கும். இந்தப் புற்று வந்த நாய்களில் நான்கில் ஒன்றுக்காவது இப்படி ஆகிறது. வீட்டிலேயே அளந்து பாருங்கள். ஒரு நாளில், உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது நோய்க்குறி. 20 கிலோ நாய்க்கு 2 லிட்டர் என்று கணக்கு.

கண்டுபிடிக்க, உறை போட்ட ஒரு விரலும் ஒரு நிமிடமும் போதும். இரண்டு பக்கமும் தடவிப் பார்க்க வேண்டும். சீழ்க்கட்டி என்று நினைத்து வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்களைப் பரிசோதிக்க வேண்டும். வயிற்றுக்கு ஸ்கேன், நெஞ்சுக்கு எக்ஸ்ரே, இரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவையும் தேவை. இதற்குமுன் அவசரப்பட்டு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துவிட்டால், கால்சியத்தை இதேபோல் ஏற்றும் லிம்போமா என்ற இன்னொரு புற்று, இருந்தாலும் மறைந்துகொள்ளும்.

கால்சியம் மிகுந்த நாயை நேரே அறுவை மேசையில் ஏற்றக் கூடாது. முதலில் சாதாரண சலைன் ஏற்றி, நீர்ச்சத்து தேறிய பிறகே மயக்கமருந்து.

அறுவை அன்று காலையில் எனிமா கொடுப்பது வினையாகும். இளகிய மலம் காயத்தில் வழியும். சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல் ஆசனவாயைச் சுற்றித் தற்காலிகத் தையல் போட்டு, பையைத் திறக்காமல் கட்டியோடு முழுதாக எடுப்பார்கள். பை கிழிந்தால் புற்றுச் செல்கள் சிந்திவிடும். ஆசனவாயை மூடிவைக்கும் சுருக்குத் தசையில் பாதிக்கு மேல் போனாலோ, அதற்கான நரம்பு இரண்டு பக்கமும் அறுந்தாலோ, நாயால் மலத்தை அடக்க முடியாது. கடைசியில் அந்தத் தற்காலிகத் தையலைப் பிரித்தாயிற்றா என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்பது நல்ல வழக்கம். மறந்தால் மலமே வெளியேறாது. வீங்கிய முடிச்சுகளையும் வயிற்றைத் திறந்து எடுக்கலாம். ஆனால் அவை பெரிய இரத்தக்குழாய்களை ஒட்டி இருப்பதால், அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது கீமோ. சொல்லிவிடுகிறேன்: ஆயுளைக் கூட்டுவதில் பெரும்பங்கு அறுவைக்குத்தான். கீமோ எவ்வளவு கூட்டுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால் கொடுப்பது நியாயம். வழக்கமான மருந்து கார்போபிளாட்டின். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு தடவை. 20 கிலோ நாயின் பரப்பு 0.74 சதுர மீட்டர். அதற்கு 222 மில்லிகிராம். சின்ன நாய்களுக்குப் பரப்புக் கணக்கு போட்டால் மருந்து மிஞ்சிவிடும், அதனால் எடைக்கணக்கு: கிலோவுக்கு 10 மில்லிகிராம். மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். கால்சியம் ஏற்கெனவே சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தால் அளவைக் குறைத்தாக வேண்டும்.

ஊசி போட்டு 10 முதல் 14 நாளில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் சோர்வோ, 39.5 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சலோ கண்டால் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்கென்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிடாதீர்கள். பச்சை இறைச்சி வேண்டாம். முதல் மூன்று நாள் சிறுநீர், மலம் அள்ளக் கையுறை போடுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம். மலம் இறுகினால் தையல் வலிக்கும். மருத்துவர் சொன்ன அளவில் லாக்டுலோஸ் சிரப் அதைச் சரிசெய்யும்.

கட்டியை எடுத்த ஓரிரு நாளில் கால்சியம் தானாக இறங்கும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, ஸ்கேன், இரத்தக் கால்சியம். நாய் மறுபடி பாத்திரத்தைக் காலிசெய்யத் தொடங்கினால் அந்த மூன்று மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் இடுப்பு முடிச்சில் திரும்பியிருக்கும், அதை இரண்டாம் முறையும் எடுக்க முடியும்.

நன்றி, வணக்கம்.