ஒரே ஒரு செல்போன், வகுப்புல 40 பேர்: என்ன செய்யலாம்?

அடுத்த கேள்வி. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க: "வகுப்புல 40 பேர். பிள்ளைங்க செல்போன் கொண்டுவரக் கூடாது. என்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான். வீடியோ போட்டுக் காட்டுறதைத் தவிர இதை வெச்சு உருப்படியா என்ன செய்யலாம்?"

வீடியோவை விடுங்க டீச்சர். அவ்வளவு சின்னத் திரையை 40 பேர் எட்டிப் பார்த்தா கடைசி வரிசைக்கு ஒண்ணும் தெரியாது. செல்போனை அளக்கிற கருவியா எடுங்க. ஜெர்மனியில ஆஹன் பல்கலைக்கழகத்துல செஞ்ச ஃபைஃபாக்ஸ்னு ஒரு செயலி இருக்கு, இலவசம். தேடும்போது பி, எச், ஒய், பி, எச், ஓ, எக்ஸ்னு அடிங்க. ஒரு தடவை இறக்கிட்டா அப்புறம் இன்டர்நெட் வேண்டாம்.

உங்க பத்தாம் வகுப்புல ஒலியியல் பாடம் இருக்குல்ல, அதையே எடுத்துக்குவோம். ஒலியோட திசைவேகத்தைப் பிள்ளைங்களே அளக்கட்டும். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கிட்ட இன்னொரு போன் மட்டும் கேட்டு வாங்கிக்குங்க. ரெண்டுலயும் செயலியில 'அகூஸ்டிக் ஸ்டாப்வாட்ச்' திறக்கணும். ஒரு சத்தம் கேட்டா ஓட ஆரம்பிக்கும், அடுத்த சத்தத்துல நிக்கும்.

டேப் பிடிச்சு 5 மீட்டர் அளந்து, ரெண்டு முனையிலயும் போனை வைங்க. மைக்ல இருந்து மைக்குக்கு அளக்கணும். பெரும்பாலான போன்ல அது சார்ஜர் செருகுற ஓட்டைக்குப் பக்கத்துல இருக்கும். முதல் போன்கிட்ட இருக்கிற பிள்ளை கை தட்டணும். அந்தப் போன் உடனே ஓடும், தூரத்துப் போன் கொஞ்சம் தாமதமா ஓடும். ரெண்டு விநாடி விட்டு அந்த முனைப் பிள்ளை தட்டணும். இப்ப அந்தப் போன் முதல்ல நிக்கும், இந்தப் போன் தாமதமா நிக்கும்.

உதாரணமா ஒண்ணுல 1.8312 விநாடி, இன்னொண்ணுல 1.8026னு வெச்சுக்குங்க. வித்தியாசம் 0.0286. இது ஒலி 5 மீட்டர் போக ஒரு தடவை, வர ஒரு தடவை எடுத்த நேரம். 10-ஐ 0.0286-ஆல வகுத்தா ஏறக்குறைய 350 மீட்டர்/விநாடி. ரெண்டு போன் கடிகாரத்தையும் ஒண்ணா ஓட்டத் தேவையே இல்லாமப் போச்சு பாருங்க. ஏன்னு முதல்ல பிள்ளைங்களையே யோசிக்க விடுங்க. இந்தச் சோதனையில அருமையான இடம் அதுதான்.

இப்ப எங்க சொதப்பும்னு சொல்றேன். தட்டுறவங்க ரெண்டு போனுக்கும் நடுவுல நிக்கவே கூடாது. அதே நேர்கோட்டுல, அவங்கவங்க போனுக்குப் பின்னாடி நிக்கணும். பின்னாடி நின்னா கை எவ்வளவு தள்ளி இருந்தாலும் கணக்குல அடிபட்டுப் போயிடும். ரெண்டு பேரும் அரை மீட்டர் உள்ளே வந்துட்டாங்கன்னா 350 வர வேண்டிய இடத்துல 437 வந்து நிக்கும்.

ரெண்டாவது, 'திரெஷோல்ட்'. எவ்வளவு சத்தம் வந்தா ஓடணும்ங்கிற அளவு அது. 0.1-ல ஆரம்பிங்க. யாரும் தட்டாமலே ஓடுச்சுன்னா கூட்டுங்க. தூரத்துப் போன் கண்டுக்கவே இல்லைன்னா குறைங்க. ஃபேனை நிறுத்திடுங்க. மைதானத்துல மைக்ல காத்து அடிச்சாலும் ஓடிடும், அதனால வராண்டா நல்லது. ஆனா வராண்டாவுல எதிரொலி வரும். முதல் தட்டோட எதிரொலியே கடிகாரத்தை நிறுத்திடாம இருக்க 'மினிமம் டிலே'யை 0.5 விநாடின்னு வைங்க. ரெண்டு போன்லயும் ஒரே அளவு இருக்கணும். கை தட்டுறது பத்தலைன்னா ரெண்டு மரக்கட்டையை மோத விடுங்க.

ஒரு தடவை அளந்துட்டு விட்டுடாதீங்க. 5 மீட்டர்ல ஒரு மில்லிவிநாடி பிசகினாலே விடை 12 மாறிடும். 3, 5, 8, 10 மீட்டர்னு குழுவுக்கு ஒரு தூரம் கொடுங்க. ஒவ்வொரு குழுவும் அஞ்சு தடவை எடுத்து சராசரி போடட்டும். வெப்பமானி படிக்க ஒரு பிள்ளை. 30 டிகிரின்னா உங்க புத்தகத்துல இருக்கிற சமன்பாட்டுப்படி 331 கூட்டல் 0.61 பெருக்கல் 30, அதாவது 349.3 வரணும். எந்தக் குழு எவ்வளவு தள்ளி நிக்குது, ஏன்னு கரும்பலகையில எழுதி விவாதிங்க. பிள்ளைங்க கையில போன் இல்லைங்கிற குறையே தெரியாது. எல்லாருக்கும் வேலை இருக்கும்.

பெரிய திரையில காட்டணும்னா மூணு புள்ளி மெனுவுல 'ரிமோட் ஆக்ஸஸ்' இருக்கு. உங்க ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்பை இணைச்சு, போன் காட்டுற முகவரியை பிரவுசர்ல அடிச்சா போதும். சோதனை மட்டும்தான் தெரியும், உங்க வாட்ஸ்அப் செய்தி எதுவும் திரைக்கு வராது. ஆனா செய்தி வர்ற டிங் சத்தம் கடிகாரத்தை ஓட்டிடும், அதனால சைலன்ட்ல போட்டுட்டு ஆரம்பிங்க.