தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாமா? நீதிமொழிகள் 17:17-க்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "என் கொழுந்தனார் மளிகைக் கடை வைக்க பேங்க்ல 5 லட்சம் லோன் கேட்டிருக்கார். என் கணவரை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்றார். 'இடுக்கணில் உதவவே சகோதரன் பிறந்திருக்கிறான்'னு 17:17-ஐக் காட்டி மாமியாரும் வற்புறுத்தறாங்க. ஆனா பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான்னு 11:15 சொல்லுது. நாங்க எதுக்குக் கீழ்ப்படியறது?"

சகோதரி, ரெண்டுக்கும் கீழ்ப்படியலாம். 17:17-ல விரலை வச்சு ஒரே ஒரு வரி கீழ இறக்குங்க. 18-ஆம் வசனம் என்ன சொல்லுது? "புத்தியீனன் தன் சிநேகிதனுக்கு முன்பாகக் கையடித்துக்கொடுத்துப் பிணைப்படுகிறான்." சகோதரன் உதவணும்னு சொன்ன வசனத்துக்கு அடுத்தபடியா இது நிக்குது. அப்போ உதவி வேற, பிணை வேற. நீதிமொழிகள்ல ஒரு வசனத்தைத் தனியாப் பிச்சு எடுத்து குடும்பத்துல ஒருத்தரை அழுத்தறதுக்குப் பயன்படுத்தக் கூடாது. பக்கத்து வசனத்தையும் சேர்த்துப் படிச்சாத்தான் அது ஞானம்.

சரி, பிணைல என்ன அவ்வளவு ஆபத்து? "சும்மா ஒரு கையெழுத்துதான், ஃபார்மாலிட்டி"ன்னு சொல்வாங்க. அது உண்மை இல்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டுன்னு சொல்லுது. முதல்ல தம்பிகிட்ட வசூல் பண்ணிப் பாத்துட்டுத்தான் அண்ணன்கிட்ட வரணும்னு பேங்குக்குக் கட்டாயம் கிடையாது. உச்ச நீதிமன்றம் 1968-லயே இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு.

கணக்குப் போட்டுப் பாப்போம். 5 லட்சம், 12 சதவீத வட்டி, 5 வருஷம்னு வச்சுக்கோங்க. மாசத் தவணை ஏறக்குறைய 11,122 ரூபாய். தம்பி ஒரு வருஷம் ஒழுங்காக் கட்டிட்டு, வியாபாரம் படுத்து நிறுத்திட்டார்னா, இன்னும் சுமார் 4,22,000 அசல் பாக்கி இருக்கும். 90 நாளுக்கு மேல தவணை நின்னா பேங்க் அதை வாராக்கடன்னு வகைப்படுத்தும். மீதி மொத்தத்தையும் கேட்டு அண்ணனுக்கும் நோட்டீஸ் வரும். அவரோட சிபில் அறிக்கையிலயும், அதாவது பேங்குங்க பாக்கற கடன் வரலாற்றுலயும், அந்தக் கடன் நிக்கும், நாளைக்கு உங்க வீட்டு லோனுக்குப் போகும்போது தெரியும். "செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால், நீ படுத்திருக்கும் படுக்கையையும் அவன் எடுத்துக்கொள்ளவேண்டியதாகுமே"ன்னு 22:27 கேக்குதே, அது இந்த நிலைமையைத்தான்.

அப்போ வேதம் பிணையை அடியோட தடை பண்ணுதா? இல்லை. யூதா தன் தம்பி பென்யமீனுக்காக உத்தரவாதம் பண்ணினான். ஆதியாகமம் 44-ல அந்த வேளை வந்தப்போ, பென்யமீனுக்குப் பதிலா தானே அடிமையா இருக்கேன்னு முன்னால வந்து நின்னான். பவுல், பிலேமோனோட அடிமையான ஒநேசிமுவுக்காக அவருக்கு எழுதும்போது "நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்"னு கைப்பட எழுதினார். ரெண்டு பேருமே கொடுக்கத் தயாராத்தான் வார்த்தை கொடுத்தாங்க. அதனால நீங்க ரெண்டு பேரும் உக்காந்து ஒரே கேள்வி கேளுங்க: தம்பி ஒரு தவணையும் கட்டலைன்னாலும், அந்த 5 லட்சத்தையும் வட்டியையும், பிள்ளைங்க படிப்புக்கு வச்சதைத் தொடாம, தம்பி மேல கசப்பு இல்லாம நாம கட்டிடுவோமா? ஆமான்னா போடலாம். இல்லைன்னா போடாதீங்க. என்னைக் கேட்டா, மாசச் சம்பளத்துல ஓடற பெரும்பாலான வீடுகளுக்குப் பதில் இல்லைதான்.

போடலைன்னா தம்பியைக் கைவிட்டுட்டதா அர்த்தம் இல்லை. 17:17 அப்பவும் உங்க மேல நிக்குது. மூணு வேலை செய்யுங்க. சிறு வியாபாரத்துக்கு முத்ரா திட்டத்துல 10 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாம கடன் உண்டு. உங்க கணவரே தம்பியோட பேங்குக்குப் போய், இந்தக் கடனை அதுல போட முடியுமா, ஜாமீன்தாரர் கட்டாயமான்னு மேனேஜர்கிட்டக் கேக்கட்டும். அடுத்து, உங்களால முடிஞ்ச ஒரு தொகை, கடை அட்வான்சுக்கு 25,000-னு வச்சுக்கோங்க, திரும்ப எதிர்பார்க்காமக் கொடுங்க. அப்புறம் கடைக்கணக்கு எழுத வாரத்துல ஒரு நாள் கூட உக்காருங்க. கடன் சொல்லிக் கொடுத்த சரக்காலயும் புதுக் கடை படுக்கலாம், அதைக் கணக்குதான் காட்டிக் கொடுக்கும்.

முடியாதுங்கறதை இழுக்காதீங்க. "நாளைக்குப் பாக்கலாம்"னே மாசக்கணக்காச் சொன்னா, அவர் வேற ஆளையும் தேட மாட்டார், கோபமும் ஏறும். இந்த வாரமே, உங்க கணவர் நேர்ல தம்பிகிட்டச் சொல்லணும். நீங்க சொல்ல வேண்டாம், மாமியார் வழியாவும் வேண்டாம். அண்ணி தடுத்துட்டாங்கன்னு ஒரு பேச்சு வந்துட்டா, 18:19 சொல்ற மாதிரி, கோபங்கொண்ட சகோதரனை வசப்படுத்துறது கோட்டையைப் பிடிக்கறதைவிடக் கஷ்டம்.

போடலாம்னு முடிவு பண்ணினா, அந்தத் தாள்ல நீங்க சாட்சியா, ஜாமீன்தாரரா, கூட்டுக் கடனாளியான்னு முதல்ல பாருங்க. மூணும் வேற வேற. தொகை, வட்டி, காலம் எழுதாத வெற்றுத் தாள்ல கையெழுத்தே போடாதீங்க. "கடன் நிபந்தனைகளை மாத்தினாலும் சம்மதம்"னு ஒரு வரி இருக்கும், அதைக் கவனிங்க. உங்களைக் கேக்காம நிபந்தனையை மாத்தினா, மாத்தினதுக்குப் பிந்தின கொடுக்கல் வாங்கலுக்கு அதே ஒப்பந்தச் சட்டத்தோட பிரிவு 133 தர்ற விடுதலையை அந்த வரி பறிச்சிடும். எல்லாத்துக்கும் ஒரு நகல் வாங்கி வச்சுக்கோங்க.

ஏற்கெனவே போட்டுட்டவங்களும் இதைக் கேட்டுட்டிருப்பீங்க. உங்களுக்கு 6:3 முதல் 5 வரைக்கும் இருக்கு: கண்ணுக்கு நித்திரை வரவிடாம, உன்னைத் தாழ்த்தி, போய்க் கேட்டுக்கொள்னு. வெட்கப்பட்டு உக்காந்திராதீங்க. தம்பியோட போய் லோன் ஸ்டேட்மென்ட் வாங்குங்க. வேற ஜாமீனோ நகையோ ஏத்துக்கிட்டு உங்களை விடுவிப்பாங்களான்னு எழுத்துமூலமாக் கேளுங்க. ஓவர்டிராஃப்ட் மாதிரி, வேணும்கறப்போ எடுத்து எடுத்துக் கட்டற கணக்குக்குப் போட்ட தொடர் ஜாமீன்னா, இனிமே எடுக்கற பணத்துக்கு நான் பொறுப்பில்லைன்னு பிரிவு 130-ன் கீழ நோட்டீஸ் கொடுக்கலாம். எடுத்து முடிச்ச கடனுக்கு அது செல்லாது. நீங்களே கட்ட வேண்டி வந்தா, உங்க பேர்ல ரசீது வாங்கிக்கோங்க. பிரிவு 145-ன்படி அந்தப் பணத்தைக் கடன் வாங்கினவர்கிட்டக் கேக்கிற உரிமை உங்களுக்கு உண்டு, கேக்கிறதும் விடறதும் உங்க முடிவு.