‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்பாதீர்கள்

வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பேருந்து நிலையங்களில் படுத்துறங்குகிறவர்கள் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. இன்று இங்கே மூட்டை தூக்குவார்கள். நாளை வேலை தேடி ஓசூருக்கோ பெங்களூருக்கோ வண்டியேறிவிடுவார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வந்த இவர்களை ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்பினால், அந்த நாளை பெரும்பாலும் வராது.

அப்படி அனுப்பத் தேவையும் இல்லை. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) பரிசோதனை இலவசம். விரைவுப் பரிசோதனையின் முடிவை அன்றைக்கே சொல்லிவிடலாம். முதல் பரிசோதனையில் தொற்று தெரிந்தால், வேறு இரண்டு வகைக் கிட்டுகளில் மறுபடி பார்ப்பார்கள். மூன்றும் ஒத்துவந்தால்தான் தொற்று உறுதி. ஆகவே முகாமில் விரலில் குத்திப் பார்த்ததை மட்டும் வைத்து யாரிடமும் ‘உனக்கு இருக்கிறது’ என்று சொல்லிவிடக் கூடாது. ஒருவர் கூடவே போய் மையத்தில் சேர்க்க வேண்டும். பேருந்துக் காசும் ஒரு வேளைச் சாப்பாடும் இல்லாததாலேயே பாதி வழியில் நின்றுபோகிறவர்கள் உண்டு. தொற்று இல்லை என்று வந்தாலும், அண்மையில் ஆபத்தான தொடர்பு இருந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

சிகிச்சை இப்போது எளிது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்று மருந்துகளும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் போடலாம். அடுத்த வேளைச் சோறு எங்கே என்று தெரியாதவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

சிக்கல் மாத்திரையைப் பத்திரப்படுத்துவதில்தான். பை களவு போகும், மழையில் நனையும், நடைபாதையைக் காலிசெய்யும்போது குப்பையோடு போகும். டப்பா குலுங்கும் சத்தம் கேட்டுப் பக்கத்தில் படுத்திருப்பவர் என்னவென்று கேட்பார். கொஞ்சம் பஞ்சை உள்ளே வைத்தால் சத்தம் வராது. மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வைக்கக் கூடாது, ஈரம் ஏறிவிடும். மொத்தத்தையும் கையில் கொடுக்காமல் தங்குமிடக் காப்பாளரிடம் பாதியை வைப்பது நல்லது. ஆனால் அவரிடம் விவரம் சொல்லலாமா என்று முதலில் நோயாளியைக் கேட்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: சம்மதமில்லாமல் பரிசோதனையும் கூடாது, விவரத்தை வெளியே சொல்வதும் கூடாது. வராத நோயாளியைத் தேடிப் போகிற களப்பணியாளர் டீக்கடையில் ‘ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

மாத்திரை தொலைந்துவிட்டால் திட்டுக்கு அஞ்சியே பலர் வராமல் நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள். மறந்த மாத்திரையை நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். ஊர் மாறினாலும் சிகிச்சைப் பதிவுப் புத்தகத்தைக் காட்டி அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. மருந்து தரும் மையம்) மாத்திரை கேட்கலாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

காசநோயைக் கட்டாயம் கேளுங்கள்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் என்ற மருந்தைத் தொடங்கினால் டோலுடெகிராவிர் அளவு ரத்தத்தில் குறையும். அன்றாட மாத்திரையைப் போட்டு 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெகிராவிர் தனியாகத் தர வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் ஆன்டாசிடும் இந்த எச்.ஐ.வி. மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும். ஆன்டாசிட் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோதான் மாத்திரையைப் போட வேண்டும்.