புயல் இறங்குமுன் ஓர் ஏரி

அவையோருக்கு வணக்கம்.

ஏரி ஓவியம் என்றாலே ‘ஆகா, என்ன அமைதி!’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் ஓவியத்தை அப்படிக் கடந்து போக முடியாது. அமெரிக்க ஓவியர் சான்ஃபோர்ட் கிஃபோர்ட் 1863-இல் தீட்டிய ‘வரும் புயல்’ அது.

நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரி. இலையுதிர்காலம். மலைமேல் கருமேகம் கவிந்து இறங்குகிறது. ஒரு சரிவில் மட்டும் வெயில் மிச்சமிருக்கிறது. கீழே தண்ணீரில் அசைவே இல்லை. மேகம் வந்துவிட்டது, ஏரிக்கு அது இன்னும் தெரியவில்லை. இந்த இடைவெளிதான் என்னைப் பதற வைக்கிறது. அந்த வெயில் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

இங்கிலாந்தின் ஓவியர் டர்னர் புயலைத் தீட்டினால் தூரிகையே சுழன்றடிக்கும். கிஃபோர்டிடம் தூரிகைத் தடத்தைத் தேடத்தான் வேண்டும். அவ்வளவு வழவழப்பு. அடக்கி வைத்த கை அது. அதனாலேயே அச்சம் கூடுகிறது என்பேன்.

அப்போது அங்கே உள்நாட்டுப் போர். நியூயார்க்கின் ஏழாவது படைப்பிரிவில் சேர்ந்து 1861, 1862, 1863 என மூன்று ஆண்டுகளும் பணிக்குப் போய்வந்தவர் கிஃபோர்ட். ஆனால் இந்த ஓவியத்தில் ஒரு சிப்பாய் இல்லை, ஒரு துப்பாக்கி இல்லை.

இதை வாங்கியவர் எட்வின் பூத், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெரும்புகழ் பெற்ற நடிகர். 1865 ஏப்ரலில் நியூயார்க்கின் தேசிய ஓவியக் கழகக் கண்காட்சியில், அவருக்குச் சொந்தமானது என்ற குறிப்போடு இது இடம்பெற்றது. அதே ஏப்ரல் 14 இரவு அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டுக் கொன்றவன் எட்வினின் தம்பி, ஜான் வில்க்ஸ் பூத்.

எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் இந்த ஓவியத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதில் அந்தச் சாதுவான ஏரியை எட்வினின் மனமாகவே காண்கிறார். மலைமேகம் போன்ற ஒன்று அதன்மேல் வெடித்துவிட்டது என்கிறார்.

வரலாறுதான் இந்த ஓவியத்துக்குப் பதற்றத்தைக் கொடுத்தது என்று சிலர் சொல்லலாம். நான் ஏற்கமாட்டேன். கொலைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மேகம் அங்கே இருந்தது, வெயில் சுருங்கிக்கொண்டிருந்தது. மெல்வில் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து அதில் ஏற்றவில்லை. இருந்ததைக் கண்டார். கிஃபோர்டுக்கும் இந்த ஏரி விட்டுப்போகவில்லை. தாம் இறந்த 1880-ஆம் ஆண்டில் மறுபடியும் இதில் கைவைத்துத் திருத்தினார்.

இப்போது ஓவியத்தைத் திரையில் காட்டச் சொல்கிறேன். மேகம் தானாகவே உங்கள் கண்ணை இழுக்கும். கொஞ்சம் பொறுத்து, முதலில் தண்ணீரைப் பாருங்கள். பிறகு பேசுவோம்.